மன்னிப்பில்லாத இரண்டு சொற்கள்

நான் ஏழாம் வகுப்பில் இருந்த குளிர்காலத்தில், எனக்கு நரகம் நிச்சயம் என்று தெரிந்துகொண்டேன். பொய் சொன்னதற்காக அல்ல. அம்மாவின் டப்பாவிலிருந்து சர்க்கரை அள்ளித் தின்றதற்காகவும் அல்ல. அதற்கெல்லாம் முழங்கால் போட்டு அழுதால் மன்னிப்பு உண்டு. நான் செய்தது மன்னிப்பே கிடையாத ஒன்று. அதைச் செய்து முடிக்க ஒரு விநாடிகூட ஆகவில்லை. வாயைக்கூடத் திறக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. கிட்வாய் நகரில் முதல் மாடியில் இரண்டு அறை சர்க்கார் குவார்ட்டர்ஸ். அப்பா ஓர் அமைச்சகத்தில் கிளார்க். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். கல்யாணமான மாதமே தில்லிக்கு வந்துவிட்டவர்கள். நான் தில்லியிலேயே பிறந்தவள். வீட்டுக்குள் தமிழ், படியிறங்கினால் இந்தி. அப்பாவுக்கு ஆபீஸ் இந்தி வரும். அம்மாவுக்குக் காய்கறிக்காரனோடு பேசுகிற அளவுக்குத்தான் வரும். அதிலும் பாதி கையால்தான்.

எங்கள் சபைக்குச் சொந்தக் கோயில் இல்லை. ஆங்கில ஆராதனை நடக்கும் ஒரு பழைய கல் கோயிலில், ஞாயிறு மாலை மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஐந்தரைக்கு மறுபடியும் ஆங்கிலக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

அந்த ஜனவரியில் தெற்கேயிருந்து, ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்யும் ஓர் ஊழியர் வந்தார். அம்பாலா, ஜலந்தர் பக்கம் பட்டாளத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களைப் பார்த்து ஜெபிக்கப் போகிறவர், வழியில் எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்கினார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. கம்பளி என்று ஒரு துண்டுகூட இல்லாமல் தில்லிக் குளிருக்குள் வந்து இறங்கியிருந்தார். அப்பா தன் மஃப்ளரையும் கையில்லாத ஸ்வெட்டரையும் கொடுத்தார். ஊழியர் பொல்லாத மனிதர் இல்லை. ஆரஞ்சுச் சுளைகளை நார் போக உரித்து, தட்டில் அடுக்கி, "நீ சாப்பிடும்மா, எனக்குப் பல் கூசுது" என்று என்னிடம் தள்ளிவிடுவார். காலையில் எழுந்ததும் குளிர்காய அங்கீட்டி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். தகர வாளியில் களிமண் பூசிச் செய்த கரியடுப்புதான் அங்கீட்டி. பால்கனியில் அம்மா பற்றவைத்து, புகை அடங்கியபின் உள்ளே கொண்டுவருவாள். அவரை எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அப்படியே நம்பினேன்.

ஞாயிறு பிரசங்கம் அவருடையது. வீட்டில் மெல்லப் பேசுகிறவர், பீடத்தில் ஏறியதும் வேறு ஆளாகிவிட்டார். நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றி ஆரம்பித்தார். புத்தகங்கள் திறக்கப்படும் என்றார். பிறகு அக்கினிக் கடல். "கடலப் பாத்திருக்கீங்களா பிள்ளைகளே? கரை தெரியுமா? தெரியாது. அந்தத் தண்ணியெல்லாம் நெருப்பா இருந்தா?" என்றார். நான் கடலைப் பார்த்ததில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போனாலும் யாரும் என்னைக் கடலுக்கு அழைத்துப் போனதில்லை. எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர், மழைக்காலத்தில் இரும்புப் பாலத்தைத் தொடப் பார்த்துக்கொண்டு போகும் யமுனை. ஒரு ஆகஸ்டில் அப்பா என்னைத் தூக்கிக் காட்டியிருந்தார். அந்த அகலத்துக்கு நெருப்பு ஓடுவதையும், அதில் கிடப்பவர்கள் சாகவே முடியாமல் கிடப்பதையும் கண்டேன்.

அப்புறம்தான் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கொலைக்கு மன்னிப்பு உண்டு. விபசாரத்துக்கு உண்டு. களவுக்கு உண்டு. ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் கிடையாது. பரிசுத்த ஆவியானவரை ஒருத்தன் தூஷிச்சுட்டா அவனுக்கு இந்த உலகத்துலயும் மன்னிப்பு இல்ல, வரப்போற உலகத்துலயும் இல்ல. அழுதாலும் இல்ல. உபவாசம் இருந்தாலும் இல்ல. கதவு அடைச்சாச்சு."

தூஷணம் என்றால் திட்டுவது. அது எனக்குத் தெரியும். நான் ஒருபோதும் அப்படிச் செய்யமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். எப்படித் திட்டுவார்கள், யாருக்கு மனசு வரும் என்று நினைத்தேன். நினைத்த அந்தக் கணத்திலேயே என் தலைக்குள் அது வந்துவிட்டது. இரண்டே சொற்கள். ஒன்று ஆவியானவருடைய பெயர். மற்றது இந்தியில் ஒரு வசை. பஸ்ஸில் கண்டக்டரும் ஸ்கூட்டர்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்திக்கொள்கிற வசை. நான் ஒருநாளும் வாயால் சொல்லியறியாத சொல். அது தானாக அந்தப் பெயருக்குப் பக்கத்தில் போய் நின்றது.

உள்ளங்கால் சில்லிட்டது. பக்கத்தில் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். முன்வரிசையில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின் கதவருகே கோயிலைக் காக்கும் சௌக்கிதார் வந்து நின்று, நேரமாயிற்று என்று சாவிக்கொத்தை ஆட்டினார். ஊழியர் நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்வை என்மேல் பட்டதாகவே எனக்குத் தோன்றியது. நோட்டை மூடினார். அவசரமாக ஒரு பாட்டு, ஒரு ஜெபம், எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். வெளியில் வெயில் போய் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் கதவு அடைத்தாயிற்று. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். தின்றேன். நரகத்துக்குப் போகிறவளுக்கும் பசிக்கும் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் ஊழியர் அம்பாலாவுக்குப் புறப்பட்டுப் போனார். மூன்று வாரத்தில் திரும்பி இந்த வழியாகத்தான் ஊருக்குப் போவேன் என்றார்.

அந்த மூன்று வாரங்களைப் போல் ஒரு காலத்தை நான் அதற்குப் பின் கடந்ததில்லை. அந்த இரண்டு சொற்களும் ஒருமுறை வந்ததோடு நிற்கவில்லை. வராதே என்று சொல்லும்போதெல்லாம் வந்தன. பல் தேய்க்கும்போது, கணக்குப் போடும்போது, அம்மா சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும்போது. வந்தவுடன் தலையைச் சட்டென்று ஆட்டுவேன், காதில் புகுந்த தண்ணீரை உதறுகிற மாதிரி. மனதுக்குள் "இல்லை, இல்லை, இல்லை" என்று மூன்று முறை சொல்வேன். மூன்றாவது 'இல்லை'க்கு முன்பே மறுபடி வந்துவிட்டால் ஆறு முறை. மோதி பாக்கில் நான் படித்த தமிழ்ப் பள்ளியில் டீச்சர் ஒருநாள், "ஏன் இப்படித் தலையை வெட்டி வெட்டி இழுக்கிற? காது வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய்யையும் சேர்த்துக்கொண்டேன். இனி எத்தனை சேர்ந்தால் என்ன?

ஆவி என்ற சொல்லைக் கேட்கவே நடுங்கினேன். ஆனால் அது தமிழில் எங்கேதான் இல்லை? இட்லிப் பானையைத் திறந்தால் ஆவி. சளி பிடித்தால் அம்மா போர்வையைப் போர்த்தி ஆவி பிடிக்க வைப்பாள். பனிக்காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பிள்ளைகள் எல்லாரும் வாயைக் குவித்துப் புகை விடுவதுபோல் ஊதி விளையாடுவோம். ஒருநாள் கீழ்வீட்டுத் தோழி என் முகத்துக்கு நேரே ஊதி, "பாத்தியா, எவ்ளோ ஆவி!" என்றாள். நான் கையுறையை வாயில் அழுத்திக்கொண்டு பஸ் வரும்வரை மூக்கால் மட்டும் மூச்சு விட்டேன்.

அவளுடையது தஞ்சாவூர்ப் பக்கத்து பிராமணக் குடும்பம். என்னோடு ஒரே வகுப்பு. இரண்டு நாள் யோசித்து அவளிடம் கேட்டேன்.

"உங்க சாமி மன்னிக்கவே மாட்டார்ங்கிற மாதிரி பாவம் ஏதாவது இருக்கா?"

"தெரியலையே. அம்மாகிட்ட கேட்டுண்டு வரேன்."

மறுநாள் பஸ்ஸில் காதோடு சொன்னாள். "இருக்காம். ரொம்பப் பெரிய பாவம் பண்ணினா அடுத்த ஜன்மத்துல பல்லியா பொறப்பாளாம்."

"பல்லியா மட்டுந்தானா?"

"பல்லின்னா போறாதா உனக்கு? சுவத்துல ஒட்டிண்டு பூச்சி திங்கணும்!"

எனக்கு அழுகை வந்தது. பல்லி ஒருநாள் செத்துப்போகும். அப்புறம் அது வேறு ஏதாவது ஆகலாம். சமையலறைச் சுவரில் ட்யூப்லைட்டின் பின்னால் குடியிருந்த பல்லியை அன்று மாலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த வாரம்தான் நெருப்பைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தேன். எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்துகொண்டால் பயம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். பள்ளி விட்டு வந்ததும், அம்மா கீழே குழாயடியில் இருக்கும் சமயம் பார்த்து, அங்கீட்டியின் இரும்பு விளிம்பில் சுண்டுவிரலை வைத்தேன். ஒன்று என்று எண்ணினேன். இரண்டு வரவில்லை. விரலை வாயில் போட்டுக்கொண்டு சுவரோடு சுவராக நின்றேன். ஒன்றுக்குள் இப்படி. எண்ணி முடியாத காலத்துக்கு, உடம்பு முழுக்க. அன்று எனக்குத் தெரிந்தது பயம் குறையும் வழி அல்ல. ஆனாலும் மறுநாளும் வைத்தேன். மூன்றாம் நாள் வேறு விரலை.

அம்மா அதைக் கண்டுபிடித்தது ஒரு சனிக்கிழமை. பன்னிரண்டு மணி வெயிலில் பால்கனியில் பாய் விரித்து இருவரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அப்பா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் தோலை நகத்தால் கீறத் திணறுவதைப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துத் திருப்பினாள். மூன்று விரல்களில் கொப்புளம். ஒன்று உடைந்து காய்ந்திருந்தது.

"என்னட்டி இது?"

"அடுப்புல பட்டுட்டு."

"ஒருக்கா படும். மூணு வெரலுலயும் படுமா? யாரு செஞ்சா? பள்ளிக்கூடத்துலயா?"

"நாந்தான்."

அம்மா பட்டாணித் தட்டைத் தள்ளி வைத்தாள். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அதனால்தான் எனக்கு அடக்க முடியாமல் போயிற்று. "அம்மா, நான் நரகத்துக்குத்தாம்மா போவேன். நீங்க ரெண்டு பேரும் பரலோகத்துக்குப் போயிருவீங்க. என்னப் பாக்கக்கூட வரமுடியாது" என்று சொல்லி அவள் மடியில் விழுந்தேன். ஊழியர் சொன்ன அந்தப் பாவம், அதைச் சொன்ன அந்த நேரமே நான் செய்துவிட்டது, அது இன்னும் நிற்காமல் வந்துகொண்டே இருப்பது எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா என் முதுகைத் தடவுவதை நிறுத்திவிட்டாள். "என்ன சொன்ன? எங்கிட்ட சொல்லு."

"சொல்லமாட்டேன்."

"என் காதுல சொல்லு. சத்தமில்லாம."

அவள் காதில் சொன்னேன். முதல்முறையாக அந்தச் சொற்கள் காற்றில் வெளிவந்தன. வானம் இடிந்துவிடும் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். பக்கத்துப் பிளாக்கில் யாரோ மெத்தையை உதறி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பிடின்னா என்ன?" என்றாள் அம்மா.

"என்னது?"

"அந்த இந்திச் சொல்லு. அதுக்கு என்ன அர்த்தம்?"

நான் யோசித்தேன். எனக்கும் தெரியவில்லை. கெட்ட சொல் என்று தெரியும். அர்த்தம் தெரியாது.

"அர்த்தம் தெரியாததுக்கா வெரலச் சுட்டுக்கிட்ட?"

"கர்த்தருக்கு இந்தி தெரியுமே" என்றேன்.

அதற்கு அவள் சிரித்திருக்கலாம் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அன்று அவள் சிரிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. எதிர் பிளாக்கில் காயும் துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அர்த்தம் தெரிஞ்சே சொன்னவ" என்றாள்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து, எட்டு மாதத்தில் இறந்துபோனான் என்பது எனக்குத் தெரியும். அவன் பார்த்த முதல் ஜூன் மாதம். வயிற்றுப்போக்கு. இரண்டே நாள். அதற்கு மேல் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அன்று அம்மா பேசினாள். அடக்கம் முடிந்து வந்த அன்று சபையார் வந்து ஜெபித்தார்களாம். ஆவியானவர் தேற்றுவார் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்களாம். அவர்களுக்குத் தேநீர் போட அடுக்களைக்குப் போனவள், சுவரைப் பார்த்து நின்று, தேற்றுவார் என்று சொல்லப்பட்டவரை ஒரு வார்த்தை சொன்னாள். தமிழில். தெரிந்தே. வாய்விட்டு. உள்ளே பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"அன்னையிலருந்து நான் திருவிருந்து எடுக்கதில்ல" என்றாள்.

அதுவும் எனக்குத் தெரிந்த விஷயந்தான். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கப் பீடத்துக்குப் போகும்போது அவள் மட்டும் இருக்கையிலேயே இருப்பாள். முழங்கால் மடக்க முடியாது என்பாள். அப்பா அதை நம்பினார். நானும் நம்பினேன். அதே முழங்காலோடு அவள் வீடு முழுக்கத் தரை துடைப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

"அன்னைக்கி பிரசங்கத்துல அவுக அத எடுத்துப் பேசும்போது எனக்கு மேலெல்லாம் வேர்த்துப் போச்சு. அந்தக் குளிருல" என்றாள்.

அந்தப் பிரசங்கத்தில் முக்காட்டுக்குள் குனிந்திருந்த அவள் தலை எனக்கு நினைவு வந்தது. என் பக்கத்திலேயே, தோளோடு தோள் இடித்துக்கொண்டு அவளும் அதே நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நரகத்தில் நான் தனியாக இருக்கமாட்டேன். அம்மா இருப்பாள். அடுத்த கணம் அந்த நிம்மதியே என்னை உலுக்கிவிட்டது. அம்மா அங்கே இருக்கக்கூடாது. ஒன்று எண்ணுவதற்குள் என் விரலுக்கு வந்தது அவளுக்கு வரக்கூடாது. அதன்பிறகு எனக்காக நான் பயப்பட்டதைவிட அவளுக்காகப் பயப்பட்டதுதான் அதிகம். அவள் அங்கீட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுவேன்.

"அவுக திரும்பி வரட்டும். கேக்கேன்" என்றாள் அம்மா. கொப்புளங்களில் தேங்காயெண்ணெய் தடவினாள். மீதிப் பட்டாணியை உரித்தோம்.

ஊழியர் பஞ்சாபிலிருந்து வந்து சேர்ந்த அன்று மாலை அவருக்கு ஊருக்கு ரயில். மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. அப்பா அரைநாள் லீவு போட்டிருந்தார். அவரும் அப்பாவும் தரையில் உட்கார்ந்து சாப்பிட, அம்மா பரிமாறினாள். நான் கதவோரம் நின்றேன். விருந்தாளிக்கு முன்னால் அம்மா "இன்னும் கொஞ்சம்" என்பதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. அன்று ரசம் ஊற்றிவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க தங்கச்சி."

"மன்னிப்பில்லாத பாவம்னு சொன்னீகளே. ஒருத்தி அதச் செஞ்சிட்டா. துக்கத்துல செஞ்சிட்டா. அவளுக்கு ஒரு வழியும் கெடையாதா?"

அப்பா நிமிர்ந்தார். "இப்ப எதுக்கு அதெல்லாம்? அவுக சாப்பிடட்டும்."

ஊழியர் கையமர்த்தினார். "யாரு தங்கச்சி? தெரிஞ்சவங்களா?"

"நாந்தான்" என்றாள் அம்மா.

அப்பாவின் கை தட்டில் அப்படியே நின்றது. அம்மா சொன்னாள். பையன் செத்தது, அடுக்களைச் சுவர், அந்த வார்த்தை. என்னைப் பற்றி ஒரு எழுத்துக்கூடச் சொல்லவில்லை. என்னுடையதையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

ஊழியர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "பயமா இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார்.

"பதிமூணு வருஷமா."

"அப்ப நீங்க அந்தப் பாவத்தச் செய்யல."

"வாயால சொன்னேன்யா."

"சொன்னது வேற. அந்தப் பாவத்தச் செஞ்சவனுக்குப் பயமே வராது. நெஞ்சு கல்லாப் போயிரும். மன்னிப்பு வேணும்னே தோணாது. தோணாதவனுக்கு எப்படிக் கொடுக்கிறது? அதான் மன்னிப்பில்லங்கிறது. பயந்து அழுறவங்களுக்கு அது இல்லம்மா. அவங்களுக்குக் கதவு தொறந்துதான் இருக்கு."

அம்மா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். "அத நீங்க அன்னைக்கிச் சொல்லலியே."

அவர் இடது கையால் தன் பையை இழுத்து, பிரசங்க நோட்டை எடுத்துப் புரட்டினார். பச்சை மையில் நெருக்கி எழுதிய பக்கங்கள். கடைசிப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க இருக்கு பாருங்க. எழுதித்தான் வச்சிருந்தேன். அந்த ஆள் சாவிய ஆட்டிட்டான். நேரம் முடிஞ்சிருச்சு."

"ஒரு வார்த்த போதுமேய்யா. நேரம் எவ்வளவு ஆவும்?"

அவர் நோட்டை மூடினார்.

"அத மொதல்ல சொல்லிட்டு, பொறவு மத்ததச் சொல்லப்படாதா?"

"மொதல்லயே சொல்லிட்டா யாரு பயப்படுவா?" என்றார். சொன்ன பிறகு அது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு ரட்சிப்பு வந்ததே அந்தப் பயத்துலதான் தங்கச்சி. வேற வழி எனக்குத் தெரியாது" என்று மெல்லச் சொன்னார். மோருக்கு அவர் இருக்கவில்லை.

புறப்படும்போது என் தலையில் கைவைத்து ஜெபிக்க வந்தார். நான் பின்வாங்கி அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன். அவர் அதைக் கவனித்தார். என் விரல்களைப் பார்த்தாரா என்று தெரியாது. மஃப்ளரைத் திருப்பிக் கொடுக்கக் கழற்றினார். அப்பா, "ரயில்ல குளிரும், வச்சுக்கோங்க" என்றார். அந்த வீட்டில் அன்று அப்பா அவரிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டுத் திரும்பிய அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்றார்.

"பதிமூணு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்களும் பயப்படுவீக."

"அவன் எனக்கும் பிள்ளதானே" என்றார் அப்பா. அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

பிப்ரவரியின் முதல் ஞாயிறு திருவிருந்து. எங்கள் ஆராதனையில் ஆண்கள் இடதுபுறம், பெண்கள் வலதுபுறம். பீடத்துக்கும் முதலில் ஆண்கள் போய்வர வேண்டும். அப்பா போகவில்லை. பெண்கள் வரிசை எழுந்தபோது எழுந்து, நடுப்பாதையைக் கடந்து, எங்கள் இருக்கை அருகே வந்து நின்றார். எல்லோரும் பார்த்தார்கள். அம்மா கையில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அப்பா கையை நீட்டவில்லை. சும்மா நின்றார். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியபோது அம்மா எழுந்தாள்.

அபாத்திரமாக, தகுதியில்லாமல், அந்த அப்பத்தை உண்கிறவன் தனக்கே தண்டனையை உண்கிறான் என்று ஞாயிறு வகுப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அம்மா பீடத்தண்டை முழங்காலிட்டாள். அந்த முழங்கால் எந்தச் சிரமமும் இல்லாமல் மடங்கியது. ஊழியர் சொன்னது தவறாக இருந்தால்? கடைசிப் பக்கத்தை, வேதத்தில் இல்லாமல், அவராகவே எழுதியிருந்தால்? அப்பம் அவள் கைக்கு வருவதைப் பார்த்தேன். அதற்குமேல் பார்க்க முடியவில்லை. அவள் அங்கேயே விழுந்து செத்துவிடுவாள் என்று காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். இருக்கை அசைந்தது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சில் திராட்சை ரச வாசனை. என் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, "தலை வலிக்கா?" என்று கேட்டாள்.

அதன்பிறகு அம்மா எந்த மாதமும் விட்டதில்லை.

ஆனால் எனக்கு அது தீரவில்லை. ஊழியர் சொன்னதை நான் வேறு விதமாகப் பிடித்துக்கொண்டேன். பயம் இருந்தால் மன்னிப்பு உண்டு. அப்படியானால் பயம் போய்விட்டால்? அதுதானே நெஞ்சு கல்லானதற்கு அடையாளம்? எனவே பயத்தை விடாமல் காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எட்டாவது படிக்கும்போது ஒரு வாரம் முழுக்கச் சந்தோஷமாக இருந்துவிட்டேன். பள்ளியில் நாடகம், எனக்கு ராணி வேஷம். சனிக்கிழமை குளிக்கும்போதுதான் அந்த வாரம் ஒருமுறைகூடப் பயப்படவில்லை என்பது உறைத்தது. வெந்நீர்ச் சொம்பு கையிலிருந்து விழுந்தது. மறுபடி பயம் வந்த பிறகுதான் உடம்பு துடைத்தேன். கல்லூரி, ஷார்ட்ஹேண்டு, வேலை என்று வருஷங்கள் போயின. வெளியில் யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் வீட்டைப் பூட்டினோமா என்று திரும்பிப் பார்ப்பதுபோல, நான் அவ்வப்போது உள்ளே பார்த்துக்கொள்வேன். இருக்கிறதா? இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸிலிருந்து போய் உட்காருவேன். முகம் ஊதி, கண் சிறுத்துப் போயிருந்தாள். பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. ஒருநாள் தலையைக் கோதிவிட்டுக்கொண்டே கேட்டேன்.

"பயமா இருக்காம்மா?"

"என்னத்துக்கு?"

"சும்மா கேட்டேன்."

"இல்லட்டி. கொஞ்சங்கூட இல்ல" என்றாள். "எப்பம் போச்சுன்னே தெரியல." சொல்லிவிட்டு, அடுத்த கட்டில்காரி கொடுத்த பிஸ்கட்டை எனக்கு எடுத்துத் தரச் சொல்லி, அலமாரியைக் காட்டினாள்.

வேறு எந்த மகளாக இருந்தாலும் அதைக் கேட்டு ஆறுதல் அடைந்திருப்பாள். எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. நான் அந்த பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். பினாயில் வாசனை. ஸ்ட்ரெச்சர்களும் ஆட்களும் இடித்துக்கொண்டு போகிற இடத்தில், சுவரைப் பார்த்து நின்று ஜெபித்தேன். அவளுக்குக் கொஞ்சம் பயத்தைத் திருப்பிக் கொடும், போவதற்குமுன் கொஞ்சமாவது கொடும் என்று. என் தாய்க்காக நான் செய்த ஜெபம் அது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான்கு நாள் கழித்து, விடிந்து சற்று நேரத்தில் அவள் போனாள். அப்பாதான் பக்கத்தில் இருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் தலையை வாரி முடிந்துவிட்டிருந்தார். கடைசியில் எப்படி இருந்தாள், எதற்காவது கலங்கினாளா, ஏதாவது சொன்னாளா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவராகவே, "தூங்குன மாதிரிதாம்மா இருந்தா" என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்கடியில் அவளுடைய செருப்பைத் தேட ஆரம்பித்தார்.